மலையகத்திலிருந்து பொறியியல் பீடத்துக்கு: விருப்ப வரிசையை எப்படிப் போடுவது?

உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாளே எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சுத்தான். "பிள்ளைக்கு மொறட்டுவை கிடைக்குமா, பேராதனையா?" கடையில், பஸ்ஸில், கோயிலில், கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூட இதைத்தான் கேட்பார்கள். மூன்று பாடத்தையும் தமிழில் படித்து, ஆசிரியர் இல்லாத மாதங்களைத் தனியாகத் தாண்டி, ஒரு பிள்ளை பொறியியல் வரைக்கும் வந்திருக்கிறது என்றால் அந்தக் கேள்வியில் இருக்கும் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் விண்ணப்பம் நிரப்ப அந்தக் கேள்வி போதாது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் குடிசார் பொறியியல் படித்தவன் நான். ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்ததும் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய விருப்ப வரிசையை எழுதிப் பார்க்கிறேன். அப்போது சொல்பவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

அரச பல்கலைக்கழகப் பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அதை லேசாக நினைத்துக் கடைசி நேரத்தில் தவிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கு இது வழியில்லை. அவர்களுக்குப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் தனியாக இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே மாதிரிக் கேட்டாலும் இரண்டும் வெவ்வேறு பட்டங்கள்.

அடுத்தது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் இதை வைத்துத்தான் தெரிவு நடக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று கணக்கிட்டு, மூன்று பாடங்களின் சராசரியைத் தருகிறார்கள். அதனால் மூன்று ஏ எடுத்த இரண்டு பேருக்கு ஒரே இசட் புள்ளி வர வேண்டும் என்றில்லை.

இனி மாவட்டம். பொறியியல் இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமை வரிசையில் போகும். 55 வீதம் சனத்தொகை அடிப்படையில் மாவட்டங்களுக்குப் பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. ஒரே இசட் புள்ளியோடு ஹட்டன் பிள்ளை ஒருவர் உள்ளே போக, கம்பளைப் பிள்ளை ஒருவர் வெளியே நிற்பது இதனால்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் நாவலப்பிட்டிதான் இருக்கிறது, ஆனால் மாவட்டம் வேறு.

உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரியை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்தப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதுதான் முக்கியம். உயர்தரத்துக்காக நுவரெலியா மாவட்டத்திலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போன பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். கைநூல் தமிழிலும் வருகிறது. அந்தந்த வருடத்துக் கைநூலை மட்டுமே நம்புங்கள். அண்ணன் வைத்திருந்த பழைய பிரதியில் விதி மாறியிருக்கலாம்.

இரண்டாம் படி: ஆறு பீடங்களையும் வரிசையில் நிறுத்திப் பாருங்கள்

மிகப் பழையது பேராதனை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமாக 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் மகாவலிக் கரைக்கு வந்தது. குடிசார், மின் மற்றும் மின்னணு, இயந்திரவியல், கணினி, இரசாயனம், உற்பத்தி என்று துறைகள் இருக்கின்றன. மண் பொறியியலில் உலகம் அறிந்த பேராசிரியர் ஏ. துரைராஜா இங்கே பீடாதிபதியாக இருந்தவர். கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி 1963இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பாடத்தில் வருகிறது. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். மண்சரிவோடு வாழும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மொறட்டுவையின் கதை கட்டுபெத்தையில் 1960இல் ஒரு செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாக ஆரம்பிக்கிறது. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியானது, 1978இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. துறைகள் அதிகம் உள்ள பீடம் இதுதான். மற்ற இடங்களில் கிடைக்கும் துறைகளோடு மின்னணு மற்றும் தொலைத்தொடர்பு, பொருளறிவியல், புவி வளம், புடவை மற்றும் ஆடை, போக்குவரத்து ஆகியவையும் இருக்கின்றன. கணினி விஞ்ஞானத் துறை 1985 முதல் இயங்குகிறது. கொழும்பு நிறுவனங்களுக்குப் பக்கத்தில் இருப்பது மொறட்டுவையின் பெரிய பலம்.

றுகுணுப் பல்கலைக்கழகத்தின் பீடம் காலிக்குப் பக்கத்தில் ஹப்புகலவில் இருக்கிறது. 1999இல் நிறுவப்பட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தூரம் என்று சொல்லி இதை யோசிக்காமலே கடந்துபோகிறார்கள், அது பிழை. மற்ற மூன்றும் 2010களில் வந்தவை: கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம், இரத்மலானையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பீடம். குடிசார், மின், கணினி போன்ற அடிப்படைத் துறைகள் மூன்றிலும் உண்டு. பீடம் சிறியதாக இருந்தால் விரிவுரையாளருக்கு உங்கள் பெயர் தெரியும், ஆய்வுகூடத்தில் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டி வராது. ஆனால் பழைய பீடங்களுக்கு இருப்பது போல ஒவ்வொரு நிறுவனத்திலும் பழைய மாணவர் இருக்க மாட்டார். பயிற்சி இடம் தேடும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

வெட்டுப்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. மொறட்டுவைக்கு இவ்வளவு, ஒலுவிலுக்கு இவ்வளவு என்று வரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, உயர்ந்த எண் என்றால் உயர்ந்த படிப்பு என்று முடிவு செய்கிறோம். வெட்டுப்புள்ளி என்பது அந்த வருடம், அந்த மாவட்டத்திலிருந்து, அந்த இடத்துக்குக் கடைசியாகத் தெரிவான பிள்ளையின் இசட் புள்ளி. எத்தனை பேர் அந்தப் பெயரை மேலே எழுதினார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. அங்கே எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று அது சொல்லாது.

மூன்றாம் படி: பல்கலைக்கழகத்துக்கு முன் துறையை யோசியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

அனுமதிக் கடிதத்தில் பொதுவாகப் பொறியியல் என்றுதான் வரும். நீங்கள் கணினியா, குடிசாரா, மின்னா என்று அதில் இருக்காது. முதல் கட்டப் படிப்பு எல்லாருக்கும் பொது. பேராதனையில் முதலாம் வருடம் முழுக்கப் பொது. மொறட்டுவையில் துறைப் பிரிப்பு இன்னும் முன்னதாக, முதல் செமஸ்டரோடு வந்துவிடும். அதன் பிறகு உங்கள் பெறுபேற்றையும் விருப்பத்தையும் வைத்துத் துறையைப் பிரிப்பார்கள்.

அந்தப் பிரிப்பில் மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. நுவரெலியா ஒதுக்கீட்டில் உள்ளே போன பிள்ளையும், திறமை வரிசையில் முதல் நூறுக்குள் வந்த கொழும்புப் பிள்ளையும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். எல்லாருக்கும் கணினியும் மின்னணுவும் வேண்டும். ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுப் பழகாத பிள்ளை முதல் மூன்று மாதம் தடுமாறுகிறது. அந்த மூன்று மாதத்துப் புள்ளியே நாலு வருடத் துறையைத் தீர்மானித்துவிடுகிறது. என் பெட்சில் கணினிக் கனவோடு வந்த மலையகத்துப் பிள்ளைகள் சிலர் அதைத் தொட முடியாமல் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூளை குறைவு இல்லை. இப்படி ஒரு பிரிப்பு இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல அவர்கள் வீட்டில் யாரும் இருக்கவில்லை.

அதனால் உங்களிடமே கேளுங்கள்: எனக்கு ஒரு குறிப்பிட்ட துறை மட்டும்தான் வேண்டுமா, அல்லது பொறியியல் என்றால் எந்தத் துறையும் சரியா? கணினி தவிர வேறெதுவும் வேண்டாம் என்றால் அந்தத் துறை கிடைக்கக்கூடிய பீடத்தை மேலே எழுதுங்கள், பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பீடத்தின் இணையத்தளத்திலும் மாணவர் கையேடு இருக்கும். துறைப் பிரிப்பு எப்போது, ஒவ்வொரு துறைக்கும் எத்தனை இடம் என்ற இரண்டையும் தேடி எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அங்கே படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள். தெரியாதவர் என்று கூச்சப்பட வேண்டாம், அந்த வயதில் அவரும் யாரிடமோ கேட்டுத்தான் போயிருப்பார்.

எந்தத் துறை என்று இன்னும் தெரியவில்லையா? வீட்டு வாசலில் நின்று சுற்றிப் பாருங்கள். மஸ்கெலியா, நோர்ட்டன், லக்சபான, கொத்மலை என்று நாட்டின் நீர் மின்சாரத்தில் பெரும் பங்கு எங்கள் மலைகளிலிருந்துதான் போகிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மேல் கொத்மலை அணையைத் தலவாக்கலையில் கட்டிய காலத்தில் நான் பாடசாலை மாணவன். 150 மெகாவாட், 2012இல் ஓட ஆரம்பித்தது. பாடசாலை விட்டு வரும்போது அந்த அணைச் சுவர் உயர்வதைப் பார்த்துத்தான் எனக்குக் குடிசார் பிடித்தது. அணைக்கும் சுரங்கத்துக்கும் குடிசார், சுழலிக்கு இயந்திரவியல், கம்பிக்கு மின் என்று ஒரே இடத்தில் மூன்று துறை இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனால் வாட்டுவது, அரைப்பது, நொதிக்க வைப்பது, உலர்த்துவது, சலிப்பது எல்லாம் இரசாயன, இயந்திரப் பொறியியல்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. சரிவு எப்போது அசையும், தண்ணீரை எங்கே வடிக்க வேண்டும் என்று படிக்கும் மண் பொறியியல் குடிசாருக்குள் வருகிறது. இந்த மண்ணைத் தெரிந்தவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

நான்காம் படி: அங்கீகாரத்தைப் பாருங்கள்

இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஒவ்வொரு பட்டப்படிப்பையும் தனித்தனியாகச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கிறது. அந்த நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதனால் அங்கீகாரம் பெற்ற இலங்கைப் பட்டத்தை அவுஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா, நியூசிலாந்து போன்ற உறுப்பு நாடுகளின் அமைப்புகள் சமமாக ஏற்கின்றன. பட்டயப் பொறியியலாளர் ஆகும் பாதையும் அதில் நேராக இருக்கும். உள்நாட்டில் பொறியியல் தொழில் செய்ய 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பொறியியல் பேரவையில் பதிய வேண்டும்.

நிறுவகத்தின் பட்டியலைத் திறந்து, நீங்கள் நினைக்கும் துறை, எந்த வருடத்தில் முடித்தவர்கள் வரைக்கும் அங்கீகாரம் என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரே பீடத்தில் ஒரு துறைக்குக் கிடைத்து, புதிதாக வந்த இன்னொரு துறைக்கு இன்னும் கிடைக்காமல் இருக்கலாம். புதிய துறை என்பதற்காகவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் படித்து வெளியேறிய பிறகுதான் சோதனையே நடக்கும். அந்தத் துறையிலிருந்து எத்தனை பெட்ச் முடித்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: நாலு வருடம் எப்படி வாழப்போகிறீர்கள்?

படிப்புக் கட்டணம் இல்லை. சாப்பாடு, பஸ், அறை, லெப்டொப் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அம்மாவின் நாள் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இது பெரிய கணக்கு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

விடுதி பெரும்பாலும் முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமையோடு கிடைக்கும். நடுவில் வெளியே அறை தேட வேண்டி வரலாம். கட்டுபெத்தை, இரத்மலானை என்றால் அது கொழும்பு விலை. பேராதனையில் குறைவு, கிளிநொச்சியிலும் ஒலுவிலிலும் இன்னும் குறைவு. மகாபொல புலமைப்பரிசில் அல்லது பேர்சரி உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள், ஆனால் முதல் மாதங்களுக்கு அதை நம்பி இருக்காதீர்கள், கைக்கு வரத் தாமதமாகும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று இந்திய அரசின் ஆதரவில் ஒரு கல்வி நிதியம் இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் ஊடாக அறிவித்தல் வரும், பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான கடிதத்தைத் துரையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காமல் பஸ் மாறும் எண்ணிக்கையில் அளங்கள். ஹட்டனிலிருந்து பேராதனைக்கு ஒரே பஸ், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். பதுளை, பசறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை வழியாக ஒலுவில் நினைப்பதைவிடக் கிட்ட. கிளிநொச்சி என்றால் தவணைக்கு ஒரு தடவை வருவதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணமும் தென்கிழக்கும் என்றால் எல்லாம் தமிழில் நடக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆறு பீடத்திலும் விரிவுரை ஆங்கிலம்தான், பெட்சில் நாடு முழுவதிலிருந்தும் வந்த சிங்கள, முஸ்லிம், தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். விடுதிக்கு வெளியே கடையில், ஆஸ்பத்திரியில், கோயிலில் தமிழ் பேசலாம் என்பது வேறு விஷயம். தனிமையில் வாடும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பெண் பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒன்று. பொறியியல் வேண்டாம், பக்கத்தில் டீச்சிங் போகட்டும் என்று நல்ல இசட் புள்ளியோடு நிற்கும் மகளிடம் சொல்லாதீர்கள். பெண்கள் விடுதி எல்லா இடத்திலும் இருக்கிறது, பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பயம் இருந்தால் மகளோடு ஒரு நாள் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஆறாம் படி: அட்டவணை போட்டு, வரிசையை எழுதுங்கள்

கொப்பியில் இடப்பக்கம் ஆறு பீடத்தின் பெயர். மேலே ஐந்து தலைப்பு: நான் விரும்பும் துறை இருக்கிறதா, அது எனக்குக் கிடைக்க வாய்ப்பு எப்படி, அங்கீகாரம், மாதச் செலவு, வீட்டுக்குப் பயணம். ஒவ்வொன்றுக்கும் 5க்கு ஒரு புள்ளி. முதல் இரண்டு தலைப்புக்கும் வந்த புள்ளியை இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் பஸ் தூரத்தைப் பழகிக்கொள்ளலாம், பிடிக்காத துறையை நாற்பது வருடம் சுமக்க முடியாது. இதை அப்பா, அம்மா முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். அவர்களுக்குத் துறையின் பெயர் தெரியாமல் இருக்கலாம், செலவுத் தலைப்பில் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

பிறகு விண்ணப்பம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு யூனிகோட் இலக்கம் உண்டு. நீங்கள் எழுதும் வரிசையில், உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடம் உங்களுக்கு வரும். "மேலே மொறட்டுவையைப் போட்டுக் கிடைக்காவிட்டால் பேராதனையும் போய்விடும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மேலே உள்ளது தவறினால் அடுத்ததைப் பார்ப்பார்கள், உங்கள் இடம் குறையாது. கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாமல், மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதற்கு இறங்க முடியாது. அதனால் போக விருப்பமில்லாத இடத்தைக் கௌரவத்துக்காக மேலே எழுதாதீர்கள்.

பொறியியலோடு நிறுத்தாமல் கணினி விஞ்ஞானம், பெளதிக விஞ்ஞானம், நில அளவையியல், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் உள்ள தொழில்நுட்பப் பட்டங்கள் என்று பிடித்தவற்றைக் கீழே தொடர்ந்து எழுதுங்கள்.

என்னோடு படித்த ஒருவன் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பினான். இரண்டு இலக்கம் இடம் மாறிப் பதிந்திருந்தது. அவன் வீட்டில் பிரதியைச் சரிபார்க்கவில்லை. முடிவுத் திகதிக்குப் பிறகு வரிசையை மாற்ற வழி இல்லை. நீங்களே பதியுங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இலக்கத்தையும் கைநூலோடு ஒப்பிடுங்கள், அச்சிட்டு ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

ஏழாம் படி: கிடைக்காவிட்டாலும், கிடைத்த பிறகும்

இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறினால் உயர்தரத்தை மொத்தம் மூன்று தடவை எழுதலாம். வேறு பட்டத்துக்குப் பதிந்த பிறகு மறுபடி விண்ணப்பிப்பதற்குக் கைநூலில் கடுமையான விதி இருக்கிறது, பதிவு செய்யும் முன் அதை வாசியுங்கள். மொறட்டுவைத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தேசியத் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்குத் தனி விண்ணப்பம் போடலாம். வேலை செய்துகொண்டே படிக்க நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகம் பொறியியல் பட்டம் தருகிறது, அதன் பிராந்திய நிலையம் கண்டியிலும் இருக்கிறது, ஆனால் அங்கே கட்டணம் உண்டு.

கிடைத்துவிட்டால், பெறுபேற்றுக்கும் முதல் விரிவுரைக்கும் நடுவில் பல மாதங்கள் கையில் இருக்கும். அதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கணிதமும் பௌதிகமும் வாசியுங்கள். தொகையிடல், உராய்வு, மின்தடை, உந்தம் என்று தமிழில் தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொப்பியின் மறுபக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பொறியியல் வரைதலுக்குச் சதுரக் கோட்டுத் தாளில் கையால் கீறிப் பழகுங்கள், பைத்தன் என்ற கணினி மொழியையும் கொஞ்சம் தொடங்குங்கள். துறையைப் பிரிக்கும் முதல் பரீட்சைக்கான படிப்பை அந்தக் கொப்பியிலிருந்தே ஆரம்பித்துவிடலாம்.